திரை இங்கே, எந்திரம் எங்கே?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். கொப்பரை மேலே இருக்கிறது. நெய்யும் திரியும் மேலேயே எரிகின்றன. ஊருக்குள் மொட்டை மாடியில் நிற்கும் நம்மிடம் வந்து சேர்வது ஒளி மட்டுமே. பல கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூர்களில் இருப்பவர்களும் அதே தீபத்தைப் பார்க்கிறார்கள். அதற்காகக் கொப்பரையை யாரும் ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதில்லை.

கணிப்பொறியையும் இவ்வாறே பயன்படுத்த முடியுமா? வேலை முழுவதும் எங்கோ தொலைவில் உள்ள ஓர் எந்திரத்தில் நடக்க, அதன் திரைத் தோற்றம் மட்டும் நம் மேசைக்கு வந்து சேர முடியுமா? முடியும். ஆனால் தீபத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தீபத்தை நாம் பார்த்தால் போதும். கணிப்பொறியிலோ, கீழே நின்றபடியே திரியைத் தூண்டிவிடவும் வேண்டும்! அதாவது, நாம் தட்டும் எழுத்தும் மௌஸின் அசைவும் அங்கே போய்ச் சேர வேண்டும். அவற்றின் விளைவு உடனே இங்கே தெரிய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத் தொலை டெஸ்க்டாப் என்று பெயர்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டுப் படமாக வரையும் நிரல் ஒன்றை ஓட்ட விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறியில் அது ஓடவில்லை; நினைவகம் போதவில்லை. புதிய கணிப்பொறி வாங்க வீட்டில் வசதியில்லை. வலுவான எந்திரம் ஒன்று வேறெங்காவது இருந்து, அதன் திரையை மட்டும் இங்கே கொண்டுவர முடிந்தால், அந்தப் பழைய கணிப்பொறியே அவளுக்குப் போதும். ஆகவே இதை வெறும் வித்தை என்று தள்ளிவிட வேண்டாம். யார் எதைக் கற்கலாம் என்பதையே இது மாற்றக்கூடும்.

திரை என்பது எண்களின் வரிசை

கணிப்பொறித் திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சின்னஞ்சிறு புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். இன்று பரவலாக உள்ள திரையில் ஒரு வரிசைக்கு 1920 புள்ளிகள், அத்தகைய வரிசைகள் 1080. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட் வேண்டும் என்றால், ஒரு முழுத் திரைக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட் ஆகிறது. இவ்வளவு எண்களும் நினைவகத்தின் ஒரு பகுதியில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. திரை அந்தப் பகுதியை இடைவிடாமல் வாசித்து ஒளியாக மாற்றிக் காட்டுகிறது; அவ்வளவுதான்.

இந்த எண்களை அப்படியே கம்பி வழியே அனுப்பிவிட்டால் என்ன? விநாடிக்கு 30 முறை அனுப்புவதாகக் கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 25 கோடி பைட். ஒரு பைட் 8 பிட் ஆதலால், அது 200 கோடி பிட். உங்கள் பள்ளிக்கு விநாடிக்கு 2 கோடி பிட் கொண்டுவரும் இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். நமக்கு வேண்டியது அதைப்போல நூறு மடங்கு! காரியம் நடக்காது.

இங்கேதான் ஒரு நல்ல யோசனை உதவுகிறது. நீங்கள் கட்டுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓர் எழுத்தைத் தட்டியவுடன் திரையில் மாறியது எவ்வளவு? 10 புள்ளி அகலம், 20 புள்ளி உயரம் உள்ள ஒரு சிறு கட்டம். அதில் 200 புள்ளிகள், 800 பைட். மீதமுள்ள இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தபடியே இருக்கின்றன. மாறாததை மறுபடியும் எதற்காக அனுப்ப வேண்டும்? மாறிய செவ்வகத்தை மட்டும் அனுப்பினால் போதாதா?

போதும். 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஆலிவெட்டி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள் இந்த யோசனையின் மேல்தான் வி.என்.சி. என்னும் முறையைக் கட்டினார்கள். டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களுள் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர் ஏற்கெனவே வேறொரு வகையில் பெயர் பெற்றவர். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வகத்தில், காபிப் பாத்திரம் காலியா நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்க அலுத்துப்போய், பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து அதன் படத்தை எல்லோருடைய திரையிலும் தெரியச் செய்தார்களே, அந்த வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. சோம்பலும் சில சமயம் அறிவியலுக்கு உதவத்தான் செய்கிறது!

வி.என்.சி.யில் செல்லும் செய்திகள் எவ்வளவு சிறியவை என்று பாருங்கள். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் 8 பைட் போகிறது. மௌஸை அசைத்தால் 6 பைட்: எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, சுட்டுமுனை எந்த இடத்தில் நிற்கிறது என்ற விவரம் மட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. திரையில் உள்ள ஒரு பெரிய சன்னலைப் பிடித்து வலப்பக்கம் இழுக்கிறீர்கள். லட்சக்கணக்கான புள்ளிகள் இடம் மாறுகின்றன. அவற்றை மறுபடியும் அனுப்ப வேண்டுமா? வேண்டாம். "அங்கே உள்ள செவ்வகத்தை எடுத்து இங்கே வை" என்ற கட்டளை போதும். அந்தப் புள்ளிகள்தாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றனவே! இந்தக் கட்டளை முழுவதற்கும் ஆகும் செலவு 20 பைட். சன்னல் நகர்ந்ததால் அதன் பின்னே புதிதாகத் தெரியும் பகுதியை மட்டும் தனியே அனுப்பினால் ஆயிற்று.

படத்தை அனுப்பும் எந்திரத்தைச் சர்வர் என்கிறோம். ஓட்டலில் பரிமாறுகிறவருக்கும் அதுவே பெயர். பொருத்தமான பெயர்தான், ஏனெனில் வி.என்.சி.யின் சர்வர், நாம் கேட்டால்தான் பரிமாறும். பார்க்கும் கணிப்பொறி, "போன தடவைக்குப் பிறகு மாறியதைக் கொடு" என்று கேட்க வேண்டும். இணைப்பு மந்தமாக இருந்தால் கேள்விகளும் மெதுவாகப் போகும். இடையில் நடந்த பத்து மாற்றங்களுக்கும் சேர்த்துக் கடைசித் தோற்றம் மட்டும் வரும். இலையில் இடம் இல்லாதபோது சோற்றைக் கொட்டுவதில்லை.

மின்சாரம் போய்விட்டால்? இதற்கு முந்தைய வழி ஒன்று உண்டு. எக்ஸ் சன்னல் முறை என்று அதற்குப் பெயர்; 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. அதில் தொலைவில் ஓடும் நிரல், "கோடு போடு, எழுத்தை எழுது" என்று வரையும் கட்டளைகளை நம் எந்திரத்துக்கு அனுப்பும். இணைப்பு அறுந்தால் நிரலும் பெரும்பாலும் இறந்துவிடும். வி.என்.சி.யில் திரைத் தோற்றம் தொலைவில் உள்ள எந்திரத்திலேயே இருக்கிறது. இங்கே கரண்ட் போனால் நம் திரைதான் இருளும். அங்கே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வந்து இணைத்தால், பாதி எழுதிய வரியின் முடிவில் சுட்டுமுனை அப்படியே சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஹான்லேயில் ஒரு தொலைநோக்கி

அளவுக்கு வழி கண்டாகிவிட்டது. காலத்துக்கு? அதற்கு வழி இல்லை. அங்கே ஒளியின் வேகம் குறுக்கே நிற்கிறது.

நம் ஊருக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பதை அறிவீர்கள். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது. இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர். ஆடியின் விட்டம் 2 மீட்டர். இருக்கும் இடமோ கடல் மட்டத்திலிருந்து 4500 மீட்டர் உயரம். மூச்சுத் திணறும் அந்தக் குளிரில் வானியலாளர் இரவெல்லாம் விழித்திருப்பது எளிதன்று. ஆகவே பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டையில் உட்கார்ந்தபடியே, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்கும் ஏற்பாடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது.

ஹொசகோட்டைக்கும் ஹான்லேக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2200 கிலோமீட்டர். ஆனால் நிலைநிறுத்தப்பட்ட செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டளை மேலே ஏறிக் கீழே இறங்க 71,572 கிலோமீட்டர். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வகுத்தால் 0.24 விநாடி. பதிலும் அதே வழியில் வர வேண்டும், ஆக 0.48 விநாடி. பொத்தானை அழுத்திவிட்டு அரை விநாடி காத்திருக்க வேண்டும்! எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க இயலாது.

தரையில் ஒளியிழை வழியே சென்றால் நிலைமை வேறு. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒளிவிலகல் எண் 1.5 என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதன் பொருள் இதுதான். திருவண்ணாமலையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1000 கிலோமீட்டர். போய்வர 2000, நேரம் 0.01 விநாடி. வழியில் உள்ள சாதனங்கள் இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்த்தாலும், பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்துவிட்டால் நம் கைக்கு அது பெரிதாக உறுத்துவதில்லை. வேகம் குறைந்த கண்ணாடி, வேகம் மிகுந்த வெற்றிடத்தை வென்றுவிடுகிறது. காரணம், வழி குறுகியது.

சிறு தந்திரம் ஒன்றும் இருக்கிறது. மௌஸின் அம்புக்குறியை மட்டும், அங்கிருந்து படம் வரும்வரை காத்திராமல், பார்க்கும் கணிப்பொறியே உடனே வரைந்துவிடும். கை அசைந்தவுடன் அம்பு அசைவதால் தாமதம் பாதி மறைந்துவிடுகிறது. சந்திரனில் இது பலிக்காது. அங்கே போய்வர ஒளிக்கே இரண்டரை விநாடி வேண்டும். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியபோது இறுதிக் கட்டத்தைத் தானே தீர்மானித்துக்கொண்டு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்திரமும் அறைகளும்

சரி, வலுவான எந்திரம் ஒன்று கிடைத்துவிட்டது. அதை நாற்பது மாணவர்கள் பயன்படுத்த வேண்டும். ஒருவர் ஒரு நிரலின் பழைய பதிப்பை விரும்புகிறார். இன்னொருவருக்குப் புதிய பதிப்பு வேண்டும். ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவரின் வேலையைக் கெடுத்துவிடும். "என் எந்திரத்தில் ஓடியதே சார், இங்கே ஏன் ஓடவில்லை?" என்ற கேள்வியை ஆய்வக வகுப்புகளில் நான் எண்ணற்ற தடவை கேட்டிருக்கிறேன்.

பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே அஸ்திவாரம் போட்டு, கிணறு வெட்டி, வீடு கட்டிக் கொடுக்க முடியுமா? முடியாது, சத்திரம் கட்டுகிறோம். அஸ்திவாரம் ஒன்று, கிணறு ஒன்று. அறைகள் மட்டும் தனித்தனி, பூட்டும் தனித்தனி.

கணிப்பொறியில் தனி வீட்டுக்கு மெய்நிகர் எந்திரம் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனியே ஓர் இயக்க முறை முழுவதும் வேண்டும். இடமும் நினைவகமும் நிறையச் செலவாகும். சத்திரத்து அறைக்குக் கொள்கலன் என்று பெயர். இயக்க முறையின் உட்கருவான கெர்னல் எல்லா அறைகளுக்கும் பொது. அறைக்குள் ஓடும் நிரலுக்கோ தன் கோப்புகள் மட்டுமே தெரியும். தன் அண்டை அறைக்காரர்கள் இருப்பதே தெரியாது. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கொள்கலனிலும் முதல் நிரல், "நானே எண் 1" என்று எண்ணிக்கொண்டிருக்கும்!

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. ஒரு நிரலின் பார்வையை ஒரு கோப்பு அடுக்குக்குள் மட்டும் அடைக்கும் கட்டளை 1979-லேயே யூனிக்ஸில் தோன்றியது. இன்ன அறைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று சத்திரத்துக் கணக்குப்பிள்ளை அளந்து கொடுப்பதுபோல, இன்ன நிரல் கூட்டத்துக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு கணக்கிடும் நேரம் என்று பங்கிடும் பகுதியை கூகுள் பொறியாளர்கள் 2006-இல் எழுதத் தொடங்கினார்கள். அது 2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இவற்றையெல்லாம் ஒன்றுகூட்டி, எவரும் எளிதில் கையாளும்படி செய்தது. வேண்டிய நிரல்களும் அவற்றின் துணைக் கோப்புகளும் சேர்ந்த ஓர் அச்சை ஒரு தடவை தயாரித்துவிட்டால், அதிலிருந்து ஒரே மாதிரியான அறைகளை எத்தனை வேண்டுமானாலும் சில விநாடிகளில் திறக்கலாம். "இங்கே ஏன் ஓடவில்லை?" என்ற கேள்வி அநேகமாக எழாது.

கொள்கலன் என்ற சொல் துறைமுகத்து இரும்புப் பெட்டியிலிருந்து வந்தது. எனக்கு அந்த உவமையில் அவ்வளவு திருப்தி இல்லை. இரும்புப் பெட்டி என்றதும் சுவர் மிக உறுதியானது என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் கெர்னல் பொதுவானது. அஸ்திவாரத்தில் விரிசல் கண்டால் எல்லா அறைகளுக்கும் ஆபத்து. சத்திரம் என்ற உவமையே மேல்.

திரையே இல்லாத திரை

இப்போது இரண்டையும் இணைப்போம். கொள்கலனுக்குள் ஒரு டெஸ்க்டாப் வேண்டும். ஆனால் அறைக்குள் திரை ஏது? விசைப்பலகை ஏது? எதுவுமே கிடையாது. அந்த வலுவான எந்திரத்துக்கே பெரும்பாலும் திரை இருக்காது. எங்கோ குளிரூட்டிய அறையில் அலமாரியில் செருகியிருப்பார்கள்.

முன்னே சொன்னதை நினைவுகூருங்கள். திரை என்பது நினைவகத்தில் உள்ள எண் வரிசை. ஆகவே நினைவகத்தில் 83 லட்சம் பைட் இடத்தை ஒதுக்கி, "இதுதான் உன் திரை" என்று நிரல்களிடம் சொல்லிவிட்டால் அவை அதிலேயே வரைந்துகொண்டிருக்கும். கண்ணாடித் திரை இணைந்திருக்கிறதா என்று அவை சோதித்துப் பார்ப்பதில்லை! அப்படிப்பட்ட பொய்த்திரையை உண்டாக்கும் எக்ஸ் நிரல் ஒன்று, அதன்மேல் சன்னல்களை ஒழுங்குபடுத்தும் எளிய டெஸ்க்டாப் ஒன்று, மாறிய செவ்வகங்களை வெளியே அனுப்பும் வி.என்.சி. சர்வர் ஒன்று: இம்மூன்றும் கொள்கலனுக்குள் ஓடினால் போதும். பார்ப்பவரிடம் தனி மென்பொருளும் தேவையில்லை. இணைய உலாவிக்குள்ளேயே அந்தச் செவ்வகங்களை வரைந்து காட்டும் நோ-வி.என்.சி. போன்ற நிரல்கள் இருக்கின்றன.

வானியலாளர்கள் இதை நன்கு பயன்படுத்துகிறார்கள். ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவுகள் மிகப் பெரியவை; இணையத்தின் வழியே வீட்டுக்கு இறக்குவதற்கே நாட்கணக்கில் ஆகலாம். கனடாவின் வானியல் தரவு மையம் நடத்தும் கான்ஃபார் என்னும் ஏற்பாட்டில், பதிவுகள் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே ஆராய்ச்சியாளருக்கு ஒரு கொள்கலன் திறக்கப்படுகிறது. அதன் டெஸ்க்டாப் அவருடைய உலாவியில் தோன்றுகிறது. தரவு நகர்வதில்லை, படம் மட்டும் நகர்கிறது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அறையைக் காலி செய்தால் அறைக்குள் விட்டுவந்தது பெருக்கித் தள்ளப்படும். கொள்கலனை நீக்கும்போது அதற்குள் சேமித்த கோப்புகளும் போய்விடும். செய்முறைக் குறிப்பேட்டை அறைக்குள் வைக்காதீர்கள். கொள்கலனுக்கு வெளியே உள்ள ஒரு கோப்புறையை அதனுடன் இணைத்து, அதில் சேமியுங்கள்.

இரண்டாவது பூட்டு. பழைய வி.என்.சி. முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அதன் பிறகு செல்லும் படமும் எழுத்துகளும் மறைக்கப்படாமல் வெட்டவெளியில் செல்கின்றன. வழியில் இருப்பவர் படிக்கலாம். போதாக்குறைக்கு, டாக்கரில் வாயிலைத் திறக்கும்போது "இந்த எந்திரத்துக்குள் மட்டும்" என்று குறிப்பிடாவிட்டால், அது எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும். கடவுச்சொல்லே இல்லாத தொலைத்திரையை இணையத்தில் திறந்துவைப்பது, வீட்டுச் சாவியைத் தேரடியில் தொங்கவிடுவதற்குச் சமம். வாயிலை உள்ளுக்குள் மட்டும் திறந்துகொண்டு, எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியின் ஊடாக அதை அடைவதே முறை. ஆசிரியரின் துணையோடு செய்யுங்கள்.

கொள்கலன் கைவசம் இல்லாதவர்களும் ஒரு சோதனை செய்யலாம். இணைய இணைப்புள்ள எந்தக் கணிப்பொறியிலும் கட்டளைச் சன்னலைத் திறந்து, பிங் என்ற கட்டளையை ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயருடன் கொடுங்கள். செய்தி போய்வர ஆன நேரத்தை அது ஆயிரத்தில் ஒரு விநாடிக் கணக்கில் காட்டும். சில தளங்கள் பதில் தராமலும் இருக்கும், வேறொன்றை முயலுங்கள். 40 என்று வந்தால், ஒரு வழிக்கு 20. ஒளியிழையில் ஒளி ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு 200 கிலோமீட்டர் செல்லும். ஆகவே பதில் சொன்ன எந்திரம் 4000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது. வழியில் ஏற்படும் தாமதங்களால் அது இன்னும் அருகில்தான் இருக்கும். பத்துத் தளங்களுக்குச் செய்து, கிடைத்த தூரங்களைத் திருவண்ணாமலையை மையமாகக் கொண்டு உலகப்படத்தில் வட்டங்களாக வரையுங்கள். 30-க்குக் குறைவாக ஓர் எண் வந்து, அந்த எந்திரம் கனடாவில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.